உம்மா கேட்டது ஒரு பைப்

செத்துப்போன என் தம்பிக்கு இந்த நாடு ஒரு பஸ் ஹோல்ட் கட்டிக் கொடுத்தது. நாடு என்று நான் சொல்வது லயனல் மாத்தயாவை. எங்கள் வட்டாரத்து மாநகர சபை உறுப்பினர், எல்லாருக்கும் மாத்தயா, அதாவது ஐயா. வெள்ளைவெளேரென்று நேஷனல் உடுப்பு, கை நிறைய மோதிரம், தூங்கும்போதும் கழற்றாத ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் வந்தது தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னால். தம்பி மஷூர் வன்னியில் மௌத்தாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் எங்கள் தோட்டத்துக்கு அவருக்கு வழி தெரியவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் பூவும் காயும் இல்லை. ஒரு சுவரை இரண்டு வீட்டார் பங்குபோட்டுக்கொள்ளும் சந்து. வாகனம் உள்ளே வராததால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தார். பின்னால் அவருடைய செக்ரட்டரி குடையோடு வந்தான்.

“அம்மே, உங்க மகன் நம்ம ரணவிருவா,” என்றார் உம்மாவிடம், தெரிந்த தமிழில். போர்வீரன் என்பதற்கு அந்த வருடங்களில் ரேடியோவும் டீவியும் ஓயாமல் சொன்ன சொல் அது. “அவருக்கு நம்ம ஒண்டு செய்ய வேணும். சந்தியில நல்ல பஸ் ஹோல்ட் ஒண்டு போடுறம். மேல மகன்ட பேர். சுவர்ல மகன்ட பெரிய படம்.”

இலங்கையில் எந்த றோட்டில் போனாலும் இப்படி ஒன்றைப் பார்க்கலாம். நாலு தூண், ஒரு சீமெந்து பெஞ்ச், தகரக் கூரை, உள்ளே சீருடையில் ஒரு இளைஞனின் படம். அவன் எங்கே எப்போது விழுந்தான் என்று சிங்களத்தில் எழுதியிருக்கும். அநேகமாகப் பெற்றவர்களே கட்டியிருப்பார்கள். அந்தப் பெற்றவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லி நாலு பேர் மழைக்கு ஒதுங்கட்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். ஆனால் லயனல் மாத்தயா கட்டினால் அதில் மஷூரின் பெயரைவிட அவருடைய பெயர் பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உம்மா தலைச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “ரபீக்கா, மாத்தயாட்ட சொல்லு. பஸ் ஹோல்ட் வேணாம். பைப் ஒண்டு போட்டுத் தரச் சொல்லு. வாற போற சனம் குடிச்சா அவன்ட கப்ருக்கு நன்ம போய்ச் சேரும்.”

நான் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். மாத்தயாவின் சிரிப்பு கொஞ்சம் நின்று மறுபடி தொடங்கியது. பைப் என்ற சொல் அவருக்கு எங்கே குத்தும் என்று உம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் தோட்டம் முழுவதற்கும் இருந்தது ஒரேயொரு பைப். அது நின்ற வெறுங்காணியைத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் தகரம் அடித்து வளைத்து, தன்னுடைய லொறிகளை நிறுத்த எடுத்துக்கொண்டார். நாங்கள் அன்றிலிருந்து அடுத்த தெருவுக்குப் போய்த் தண்ணீர் தூக்குகிறோம்.

“பைப்புல படம் எங்க மாட்டுற?” என்றார் தமிழில், பெரிய பகிடி விட்டதுபோல. செக்ரட்டரி சிரித்தான். “போட்டோ ஒண்டு மட்டும் குடுங்க. யூனிபோர்ம் இல்லாட்டியும் பரவால்ல. பெயின்டர் வரைஞ்சு போடுவார்.”

அவர்கள் போன பிறகு உம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். “படம் குடுக்காத. அவன்ட மொகத்த எனக்கே காட்டல்ல. றோட்டுல போற சனத்துக்கு என்னத்துக்கு?”

மஷூரைப் பெட்டியில் அடைத்து, ஆணியறைந்து, மேலே கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். திறக்கக் கூடாது என்று உத்தரவு. கூட வந்த சிப்பாய்கள் நல்லவர்கள், அவர்களும் அழுதார்கள், ஆனால் திறக்கவில்லை. எங்களில் மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு மண்ணில் வைப்பதுதான் வழக்கம். மாளிகாவத்தை மையவாடிக்கு அவன் பெட்டியோடு போனான். வானத்தை நோக்கிச் சுட்டார்கள். அந்த வெடிச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது என்று உம்மா இன்றைக்கும் சொல்வார். மாளிகாவத்தை வெடி கொட்டாஞ்சேனைக்குக் கேட்காது. நான் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் என் தம்பியைக் கொன்றது வன்னியில் இருந்தவர்கள் மட்டும் இல்லை. அவனை அங்கே அனுப்பிய ஆள் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் கதிரையில் உட்கார்ந்து, படம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அடுத்த வீட்டுப் பழனியம்மாக்காவின் ஒரே மகன் முத்துலிங்கம். பழனியம்மாக்கா மலையகத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தவர். புருஷன் நேரத்தோடு போய்ச் சேர, ஜம்பட்டா வீதி முனையில் கூடை வைத்துப் பூ விற்று அவனை ஆளாக்கினார். முத்துவும் மஷூரும் ஒரே பைப்பில் குளித்து, ஒரே பந்துக்கு அடிபட்டு வளர்ந்தவர்கள். ஒருவன் வான் ஓட்டப் போனான். மற்றவன், வீட்டுக் கஷ்டமும் கொஞ்சம் வீம்பும் சேர்ந்து, ஆமியில் சேர்ந்தான். தமிழ் பேசுகிற வாயோடு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். முத்து மட்டும் கேட்கவில்லை. லீவில் வந்தால் சப்பாத்தை வாங்கித் துடைத்துக் கொடுப்பான்.

மாத்தயா பைப்பை வளைத்தபோது தகரத்தைப் பிடுங்கி எறிந்தவன் முத்து. பகல் வேளையில், எல்லாரும் பார்க்க, பிடுங்கினான். அந்த மாதமே கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கொழும்பில் தமிழ்ப் பெயர் உள்ளவன் பாடு எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் விடிந்ததும் எங்கள் தோட்டத்துக்கு ரவுண்டப் வந்தது. ஆண்களை எல்லாம் மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். அதிகாரி ஒருவரோடு லயனல் மாத்தயாவும் வரிசை நெடுகிலும் நடந்து வந்தார். முத்துவுக்கு முன்னால் நின்றார். அவன் தலையைக் குனிந்திருந்தான். மாத்தயா மோதிர விரலை அவன் நாடிக்குக் கீழே கொடுத்து முகத்தைத் தூக்கி, நன்றாகப் பார்த்துவிட்டு, “மேயா தமய்,” என்றார். இவன்தான் என்று அர்த்தம். வேலி ஓரத்தில் நின்ற பழனியம்மாக்காவும் நானும் எங்கள் கண்ணால் கண்டோம்.

முத்து திரும்பி வரவில்லை. எந்தப் பொலிஸிலும் அவன் இல்லை, எந்த முகாமிலும் இல்லை, எந்தச் சிறையிலும் இல்லை. லைசென்ஸுக்கு எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழனியம்மாக்கா ஏறாத படி கிடையாது. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த குழுவுக்கு முன்னால் மாத்தயாவையும் கூப்பிட்டார்கள். நான்தான் அக்காவோடு போனேன். அக்கா படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் அதைத் தொடக்கூட இல்லை. “தன்னே நே,” என்றார். தெரியாது. இந்த முகத்தை என் வாழ்நாளில் கண்டதில்லை என்று கைகூப்பிச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். முடிந்தது.

மஷூர் அப்போது கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் ஸ்டோர்ஸ் வேலையில் இருந்தான். லீவில் வந்து விஷயம் கேட்டவன், சீருடையைக்கூடக் கழற்றாமல் மாத்தயாவின் ஆபீஸுக்குப் போய், “முத்து எங்க?” என்று கேட்டிருக்கிறான். மாத்தயா சிரித்து, தோளில் தட்டி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். லீவு முடிந்து போனவனை வடக்கே மாற்றிவிட்டார்கள். ஒரு போன் வந்ததாம், யாரிடமிருந்து என்று அங்கே இருந்த கிளார்க் ஒருவன் அவனுக்குச் சொல்லியிருக்கிறான். புறப்படும் முன் மஷூர் என்னோடு போனில் கதைத்தான். “ராத்தா, மாத்தயா தேத்தண்ணி தந்தார் எண்டு சொன்னேனே. அதுட வெல இது,” என்று சிரித்தான். அவனுக்கு எதற்கும் சிரிப்புத்தான். எனக்கு அந்தக் குணம் வரவில்லை. மன்னிக்கிற குணமும் வரவில்லை. பார்மசி கவுன்டரில் நின்று ஊருக்கெல்லாம் நோய் தீர மருந்து கட்டிக் கொடுக்கிற எனக்கு, அந்த ஒரு மனிதனுக்கு மட்டும் நல்லதாக ஒன்றுகூட வாயில் வராது.

படம் கேட்டுச் செக்ரட்டரி இரண்டு தடவை ஆள் அனுப்பினான். மூன்றாம் தடவை அவனே வந்தான். வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் ஆமியிடம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். அவன் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் தலை மறைந்ததும் பழனியம்மாக்கா பூநாரும் கையுமாக வந்து எங்கள் வாசலில் குந்தினார்.

“அந்த ஆளா ஒங்க தம்பிக்கு மண்டபம் கட்டுறான்?” என்றார். “எம் மவன் மூஞ்சிய தெரியாதுன்னு சொன்னான். ஒங்க தம்பி மூஞ்சி மட்டும் தெரியுமாக்கும்?”

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. “அக்கா, முத்துட லைசென்ஸ் படம் மிச்சம் ஈக்கா?” என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். செக்ரட்டரி புது ஆள், முத்துவையும் மஷூரையும் கண்டதில்லை. பெயின்டர் மருதானைக்காரன். திறப்பு விழாவுக்கு வரப்போகிற ஆமி அதிகாரி வேறு படைப்பிரிவு. திரையை இழுக்கும்வரைக்கும் மாத்தயா படத்தைப் பார்க்கப் போவதில்லை, அவருக்கு அதிலெல்லாம் அக்கறை கிடையாது. திரை விழுந்த பிறகு, இது மஷூர் இல்லை என்று அவர் சொன்னால், பின்னே யார் என்று எல்லாரும் கேட்பார்கள். தெரியாது என்று கைகூப்பிய முகத்தைத் தெரியும் என்று அவரே சொல்ல வேண்டி வரும். சொல்லாவிட்டால் அதே முகத்துக்கு மாலை போட வேண்டி வரும்.

“ஒண்டு மட்டும் ஈக்கு அக்கா,” என்றேன். “ஆமி உடுப்பு வரைவாங்க. முத்துக்கு.”

அவர் நாரைக் கீழே வைத்தார். மகனை இழுத்துக்கொண்டு போனவர்கள் போட்டிருந்த உடுப்பு அது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஏன் கேட்டோம் என்று எனக்கு ஆகிவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: “சட்டைய என்னத்த வேணா போடட்டும். மூஞ்சிய மாத்த முடியாதுல்ல. புள்ள, அவன் வாயால தெரியும்னு ஒரு வார்த்தை வரணும். அது போதும் எனக்கு. கட்டை வேகுறதுக்குள்ள அத நான் கேக்கணும்.”

உம்மாவுக்கு மறைக்க முடியாது. சொன்னேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டார். “பொய் சொல்லப் போறியா?”

“படம் ஒண்டு தாங்க எண்டாங்க. யார்ட படம் எண்டு கேக்கல்லயே உம்மா.”

“மஷூர்ட மொகம் றோட்டுக்கு வராது தானே?”

“வராது.”

“அப்ப எனக்கு ஒண்டும் தெரியா,” என்று உம்மா மறுபடி மணி உருட்டினார்.

வெள்ளிக்கிழமை நானே போய்ப் படத்தைக் கொடுத்தேன். செக்ரட்டரி பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “வடிவான ஆள்,” என்றான். ஓம், வடிவான ஆள்தான் என்றேன். வெளியே வந்து பிள்ளையார் கோயில் மதிலில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் காலத்தில் பழனியம்மாக்காவைப் போல ஒருவரை உள்ளே தள்ள ஒரு காரணமும் தேவைப்படவில்லை. பயம் இருந்தது. அதைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

விழா ஒரு சனிக்கிழமை காலை. சந்தியில் பந்தல் போட்டு, சின்னச் சின்னக் கொடிகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆளுயரக் குத்துவிளக்கு. நான்கு மதப் பெரியவர்களுக்கும் நான்கு கதிரை. விளக்கும் படமும் என்று கேள்விப்பட்ட மௌலவி வரவில்லை, அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. ஹோல்ட்டின் நெற்றியில் நான் நினைத்தபடியே லயனல் மாத்தயாவின் பெயர் முதலில், கொழுத்த எழுத்தில். கீழே ரணவிரு மஷூர், சின்னதாக. படத்துக்கு மஞ்சள் சாட்டின் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

மாலை பழனியம்மாக்கா கட்டியது. செக்ரட்டரி அவரிடமே சொல்லியிருந்தான், பூக்காரி பக்கத்திலேயே இருக்கும்போது வேறு எங்கே போவது. வெள்ளை அரளியும் மல்லிகையும் வைத்து, கல்யாண மாலைக்குக் கட்டுகிற மாதிரி நெருக்கிக் கட்டியிருந்தார். கட்டும்போது அவர் அழவில்லை. மாலையைக் கொடுத்துவிட்டு வந்து, செல்லையா முதலாளியின் தேத்தண்ணிக் கடை ஓரத்தில் கூட்டத்தோடு நின்றார். உம்மாவும் நானும் முன்வரிசையில். தோட்டத்துச் சனம் முழுக்க வந்திருந்தது. அவர்களிடம் நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மாத்தயா மைக்கைப் பிடித்தார். இந்த நாடு தன் வீரர்களை ஒருபோதும் மறக்காது என்றார். பிறகு கையை முழங்கால் உயரத்துக்குக் காட்டி, “இந்தப் பிள்ளையை இவ்வளவு இருக்கிற காலத்திலிருந்து எனக்குத் தெரியும்,” என்றார் சிங்களத்தில். “என் மடியில் இருந்து விளையாடிய பிள்ளை. அந்த முகம் என் நெஞ்சில் இருக்கிறது. சாகும்வரை மறக்க மாட்டேன்.” மஷூர் இவர் மடியைக் கண்டதே இல்லை. ஆனால் அந்த வார்த்தைகளைக் கேட்கக் கேட்க எனக்குத் தேன் குடித்ததுபோல இருந்தது. இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு கையில் மாலையோடு மறு கையால் கயிற்றை இழுத்தார். துணி ஆணியில் மாட்டிக்கொண்டது. இன்னொரு தடவை இழுத்தார். விழுந்தது.

முத்துலிங்கம். பச்சைச் சீருடை, தொப்பி, தோளில் பட்டி, எல்லாம் பெயின்டர் போட்டது. முகம் மட்டும் அவனுடையது. ஸ்டூடியோக்காரன் சொன்னதற்காக நாடியைக் கொஞ்சம் தூக்கி நேராகப் பார்க்கிறான்.

மாத்தயாவின் கை மாலையோடு அந்தரத்தில் நின்றது. சிரிப்பு போய்விட்டது. நான் அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு திரும்பினார். பெற்ற தாய் என்று முன்வரிசையில் உட்கார்த்தி வைத்த என் உம்மாவை அவர் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்க்கவில்லை. அவருடைய கண் கூட்டத்துக்குள் போய்த் தேடியது. தேடித் தேடிச் செல்லையா கடை ஓரத்தில் பழனியம்மாக்காவைக் கண்டு நின்றது. அந்த முகத்தையே தெரியாது என்ற ஆள், முகத்தைக் கண்டதும் அவனுடைய தாயைத் தேடினான். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அக்காவுக்குப் போதாது.

தோட்டத்துச் சனம் மூச்சுக் காட்டவில்லை. முத்துவைத் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. செல்லையா முதலாளி கடை ரேடியோவை நிறுத்தினார். எங்கள் பின்வீட்டுச் சுமனாவதி அக்கா, இரண்டு பையன்களுக்கும் சின்ன வயதில் கிரிபத் என்கிற பாற்சோறு ஊட்டியவர், வாயைப் பொத்திக்கொண்டு படத்தையும் பழனியம்மாக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அவர் எழுந்து நின்றார். கைகளைக் கூப்பிக் கும்பிட்டார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஆமி அதிகாரி ஒன்றும் தெரியாதவர். படத்துக்கு முன்னால் போய், விறைப்பாக நின்று சலூட் அடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கு எத்தனை நண்பர்கள் போயிருப்பார்களோ. அந்தக் காலையில் மரியாதையை மரியாதையாகச் செய்த ஒரே ஆள் அவர்தான், அவரை ஏமாற்றியது மட்டும் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது. சலூட் அடித்தவர் மாத்தயாவைத் திரும்பிப் பார்த்தார், மாலைக்காக. மாத்தயாவுக்கு வேறு வழியில்லை. மாலையைப் போட்டார். மோதிர விரல் மறுபடியும் முத்துவின் நாடியில் பட்டது.

அப்போது பழனியம்மாக்கா நடந்து வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. செக்ரட்டரி ஓடிப்போய்த் தடுத்தான். “பூ சல்லி பின்ன தாறன், போங்க,” என்றான். அதிகாரி யார் இது என்று கேட்டார்.

உம்மா கதிரையை விட்டு எழுந்தார். எங்கள் உம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. விரலை நீட்டி, “அம்மா தமய்,” என்றார் அதிகாரியிடம். இவதான் தாய். தன் மகனுடைய விழாவில், தன் மகனுடைய பெயருக்குக் கீழே நின்று, அடுத்த வீட்டுக்காரியைக் காட்டிச் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி குழம்பினார். ஆனாலும் தாய் என்று வந்தவரை விலக்க அவருக்கு மனம் வரவில்லை. பழனியம்மாக்காவின் கையைப் பிடித்து மாத்தயாவுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார்.

பூ விற்றுப் பழகிய சிங்களம் அக்காவுடையது. குரலை உயர்த்தாமல் கேட்டார். “மாத்தயா, மே லமயாவ தன்னவாத?” இந்தப் பிள்ளையைத் தெரியுமா?

மைக் இன்னும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவருடைய மூச்சு சந்தி முழுக்கக் கேட்டது. இப்போதுதான் மடியில் விளையாடினான் என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி பக்கத்தில் நிற்கிறார். பத்திரிகைக்காரர்கள் இருவர் கமராவோடு நிற்கிறார்கள். ஹெந்தளை பஸ் ஒன்று கூட்டத்தால் போக முடியாமல் நின்று, அதிலிருந்தவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள்.

“தன்னவா,” என்றார்.

தெரியும். மைக் அதைத் தபால் கந்தோர் வரைக்கும் கொண்டுபோனது. பழனியம்மாக்கா தலையை ஆட்டினார். திரும்பி என்னிடம் வந்து, “கேட்டியா புள்ள? தெரியுமாம்,” என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். மாரில் அடித்து, சந்தி அதிர அழுதார். மாத்தயா வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்தார். ஏறட்டும், இந்தச் சத்தம் வீடு வரைக்கும் அவன் காதில் போகட்டும் என்று நான் மனதாரச் சபித்தேன்.

அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பூக்கூடையைக் கொண்டுவந்து ஹோல்ட்டின் சீமெந்து பெஞ்சில் வைத்தார். மறுநாளும் அங்கேதான் விற்றார். அதற்கு மறுநாளும். ஜம்பட்டா வீதி முனையை விட்டுவிட்டார். இங்கே வியாபாரம் பரவாயில்லை, பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் வாங்குகிறார்கள். உம்மாவும் மண்குடம் ஒன்றில் தண்ணீர் நிறைத்து, மூடியும் கோப்பையும் வைத்து, பெஞ்சின் மறு முனையில் வைக்கத் தொடங்கினார். அடுத்த தெருவிலிருந்து நான்தான் தூக்கி வருகிறேன். குடிக்கிறவர்கள் மேலே எழுதிய பெயரை வாசிக்கிறார்கள், படத்தைப் பார்க்கிறார்கள், பஸ் வந்ததும் போகிறார்கள். பெயர் ஒருவனுடையது, முகம் ஒருவனுடையது என்பது எங்கள் தோட்டத்துக்கு மட்டும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாத்தயாவின் வாகனம் இப்போது இந்தச் சந்தியால் வருவதில்லை. ஆபீஸுக்குச் சுற்றிக்கொண்டு போகிறாராம், அவருடைய டிரைவரே செல்லையா கடையில் சொன்னான். கேட்ட அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். தேர்தலில் அவர் வென்றார், அதையும் சொல்லத்தான் வேண்டும். வென்ற பிறகும் இந்தப் பக்கம் நன்றி சொல்ல வரவில்லை.

போன கிழமை செக்ரட்டரி மட்டும் வந்தான். குடையை மடக்கிக்கொண்டு பழனியம்மாக்காவுக்குப் பக்கத்தில் குந்தினான். மாத்தயா அனுப்பினாராம். படம் வெயிலில் வெளுத்துவிட்டது, கழற்றிவிட்டுப் புதிதாக வேறு நல்ல படம் மாட்டலாம் என்றான். அக்கா பூக் கோத்த கையை நிறுத்தவில்லை.

“மாத்தட்டும். எனக்கென்ன,” என்றார். “தெரியும்னு சொன்னாருல்ல. இனி எங்கன்னு சொல்லச் சொல்லு. எம் மவன எங்க வச்சிருக்காங்க, உசுரோடவா, மண்ணுலயா. அத சொல்லிட்டு, ஒங்க மாத்தயாவே வந்து கழட்டட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான்.”

அவன் முகம் கறுத்துப்போய் எழுந்தான். கடும் வெயில். போகும்போது குடத்தைப் பார்த்தான். உம்மா ஒன்றும் கேட்காமல் கோப்பையில் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார். அவன் மடமடவென்று குடித்துவிட்டுப் போனான். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.